பிரிந்தாலும் பிள்ளைக்கு இருவரும் பொறுப்பு



தடுப்பூசி, தாய்ப்பால், அளவான குடும்பம் என்றெல்லாம் பல பாடங்கள் பார்த்திருக்கிறோம். இந்தப் பாடம் கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமானது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாழ முடியாமல் பிரிந்துவிட்டால், பிள்ளைகளின் செலவை யார் ஏற்பது? மாதம் எவ்வளவு கொடுப்பது நியாயம்? அதை எப்படிக் கணக்குப் போடுவது? இதுதான் பாடம்.

"எங்க வீட்டுக்கு இது எதுக்கு?" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். நாளைக்கு உங்கள் தங்கைக்காகவோ, அண்ணன் மகனுக்காகவோ பஞ்சாயத்தில் நாலு பேரோடு நீங்களும் உட்கார வேண்டி வரலாம். அன்றைக்கு ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல இது உதவும்.

எடை ஏன் ஏறவில்லை?

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர் கொத்தனார். அந்த அம்மாள் வீட்டில் தையல் தைக்கிறார். நாலாம் வகுப்பு படிக்கும் மகள், ஒன்றரை வயது மகன். சண்டை முற்றி, பிள்ளைகளோடு அந்த அம்மாள் தனி வீடு பார்த்துப் போய்விட்டார். ஒரு புதன்கிழமை மகனுக்குத் தடுப்பூசி போட வருகிறார். நர்சம்மா எடை பார்க்கிறார். மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை.

"ஏம்மா, புள்ளைக்கு முட்டை, பருப்பு எல்லாம் குடுக்குறியா?"

"எங்க சிஸ்டர்? அங்கன்வாடி சத்துமாவுதான் ஓடுது. அவரு பணம் குடுத்து மூணு மாசம் ஆச்சு. கேட்டா, 'நீதானே போனே, நீயே பாத்துக்க'ங்கிறாரு."

பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பாட்டி கேட்டார்: "சரிம்மா, போனது நீ. புள்ள எங்க போச்சு?"

அந்தக் கேள்வியில் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிரிந்தது புருஷனும் பெண்டாட்டியும். பிள்ளை யாரையும் விட்டுப் பிரியவில்லை. அதற்கு அப்பா அப்பாதான், அம்மா அம்மாதான்.

முதலில் மனதில் வைக்க வேண்டிய மூன்று

1. பிள்ளைக்குக் கொடுக்கும் பணம் பெண்டாட்டிக்குக் கொடுக்கும் பணம் அல்ல. அது பிள்ளையின் பங்கு. அம்மாவின் கையில் கொடுக்கிறோம், அவ்வளவுதான். மனைவியின் சொந்த ஜீவனாம்சம் வேறு கணக்கு. இந்த ஏட்டில் பிள்ளைக் கணக்கு மட்டும் பார்க்கிறோம்.

2. யார் மேல் தப்பு என்பது வேறு வழக்கு. அதற்கும் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. தப்பு யார் மேல் இருந்தாலும் பிள்ளைக்குப் பசிக்கும்.

3. "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று ஆரம்பித்தால் கணக்கு முடியாது. ஏலம் போல இழுத்துக்கொண்டே போகும். "பிள்ளைக்கு என்ன வேண்டும்?" என்று ஆரம்பியுங்கள். தேவையை முதலில் எழுதி, பிறகு சக்திக்குத் தக்கபடி பங்கு பிரியுங்கள்.

கணக்குப் போடும் முறை

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் உட்கார முடியவில்லை என்றால், இருவரும் நம்பும் ஒரு பெரியவரை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அடி உதைக்குப் பயந்து வெளியேறிய பெண்கள் இதற்காகத் தனியே போய் உட்கார வேண்டாம். அவர்களுக்கான வழி பின்னால் சொல்லப்பட்டிருக்கிறது.

முதல் படி: பிள்ளைகளின் செலவை எழுதுங்கள்

மேலே சொன்ன குடும்பத்துக்கே ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தொகைகளை உங்கள் ஊர் விலைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு மாதச் செலவு:

சாப்பாடு (பருப்பு, காய், முட்டை, எண்ணெய், கேஸ்) – ரூ. 3,000
பால் – ரூ. 700
வீட்டு வாடகையில் பிள்ளைகள் பங்கு – ரூ. 1,600
சோப்பு, தலைக்கு எண்ணெய் முதலியன – ரூ. 400
பள்ளிக்கூடச் செலவு – ரூ. 400
துணிமணி – ரூ. 400
வைத்தியம் – ரூ. 500
பஸ் செலவு, கோயில், விசேஷம் – ரூ. 200
அவசரத்துக்குச் சேமிப்பு – ரூ. 300
ஆக மொத்தம் – ரூ. 7,500

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். ரேஷன் அரிசி இருப்பதால் அரிசிக்குத் தொகை எழுதவில்லை. வாடகை ரூ. 2,400. வீட்டில் மூன்று பேர். பிள்ளைகள் இரண்டு பேர் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ரூ. 1,600, அவர்கள் கணக்கில் வருகிறது. மீதி ரூ. 800 அம்மாவின் சொந்தச் செலவு.

துணியும் நோட்டும் மாதா மாதம் வாங்குவதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ரூ. 4,800 ஆகிறது என்றால், பன்னிரண்டால் வகுத்து மாதம் ரூ. 400 என்று எழுத வேண்டும். பள்ளிச் செலவும் அப்படித்தான். இப்படி வகுத்து எழுதாமல் விட்டால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதும் பண்டிகை வரும்போதும் புதுச் சண்டை வரும்.

"ஆஸ்பத்திரியில எல்லாம் இலவசம்தானே, வைத்தியத்துக்கு ஏன் ஐந்நூறு?" என்று கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துக்குக் காசு இல்லை. ஆனால் ராத்திரி ஜுரம் வந்தால் ஆட்டோவுக்குக் காசு வேண்டும். பிள்ளையோடு ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைய தையல் கூலி போகும். செலவில்லாத வைத்தியம் என்று ஒன்று கிடையாது.

இரண்டாம் படி: இருவர் வருமானத்தையும் எழுதுங்கள்

மாதச் சம்பளக்காரருக்கு இது சுலபம். சம்பளச் சீட்டைப் பார்த்தால் போதும். கூலி வேலைக்காரருக்கு ஒரு மாதத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வருஷத்தை வைத்துப் போட வேண்டும்.

கொத்தனாருக்கு நாள் கூலி ரூ. 900 என்று வைப்போம். ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை யாரும் தொடங்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. இந்த நாலு மாதமும் மாதம் 10 நாள்தான் வேலை. ஆக 40 நாள். மற்ற எட்டு மாதமும் மாதம் 20 நாள்; ஆக 160 நாள். வருஷத்துக்கு 200 நாள். 200 × 900 = ரூ. 1,80,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சராசரி ரூ. 15,000.

அந்த அம்மாளுக்குத் தையலில் மாதம் சராசரி ரூ. 5,000.

விவசாயம் செய்கிறவர்கள் ஒரு வருஷ விளைச்சலின் வரவு எழுதி, விதை, உரம், ஆள் கூலி கழித்து, மீதியைப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். பால் மாடு இருந்தால் அந்த வரவையும் எழுத வேண்டும்.

மூன்றாம் படி: சக்திக்குத் தக்கபடி பங்கு பிரியுங்கள்

15,000-க்கு 5,000 என்றால், அவர் மூன்று பங்கு, அந்த அம்மாள் ஒரு பங்கு. 7,500-ஐ நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு ரூ. 1,875. அப்பா கொடுக்க வேண்டியது மூன்று பங்கு, ரூ. 5,625. அம்மா போட வேண்டியது ரூ. 1,875.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த முறை அல்ல. தாய் தகப்பன் இருவரும் சம்பாதித்த ஒரு வழக்கில், தகப்பனின் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், பிள்ளைகளின் செலவை 2-க்கு 1 என்று ஏற்கும்படி உச்ச நீதிமன்றமே 2000-ஆம் ஆண்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நாலாம் படி: கணக்கில் வராத உழைப்பை நினையுங்கள்

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துவைப்பது, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, ராத்திரி கண் விழிப்பது எல்லாம் யார் செய்கிறார்கள்? பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவர்தான். இதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பிள்ளையைப் பார்ப்பதால்தான் அந்த அம்மாளால் கூடுதலாக நாலு ஜாக்கெட் தைக்க முடியவில்லை. ஆகவே அப்பாவின் பங்கைக் கொஞ்சம் உயர்த்தி ரூ. 6,000 என்றும், அம்மாவின் பங்கு ரூ. 1,500 என்றும் வைப்பது நியாயம்.

ஐந்தாம் படி: இரண்டு அடுப்பும் எரிகிறதா என்று பாருங்கள்

அவருக்கு மிச்சம் ரூ. 9,000. அதில் அவரும் அவருடைய வயதான தாயாரும் சாப்பிட வேண்டும். அந்த அம்மாளுக்கு மிச்சம் ரூ. 3,500. அதில் வாடகைப் பங்கு போக ரூ. 2,700. நெருக்கடிதான், ஆனாலும் இரண்டு பக்கமும் அடுப்பு எரியும். கொடுக்கிறவர் பட்டினி கிடக்கும்படி தொகை வைத்தால் மூன்றாம் மாதமே பணம் நின்றுவிடும். வாங்குகிற பக்கம் பட்டினி கிடக்கும்படி வைத்தால் பிள்ளையின் எடை நின்றுவிடும்.

"பைக் தவணை கட்டணும், சீட்டுக் கட்டணும், அதெல்லாம் கழிச்சுத்தான் தருவேன்" என்று சொல்லக் கூடாது. பெற்ற தாயின் மருந்துச் செலவு வேறு. பைக் தவணை வேறு. தவணைக்கு முன்னால் பிள்ளையின் பால்.

ஆறாம் படி: கொடுக்கும் நாளைக் குறியுங்கள்

மாதம் ரூ. 6,000 என்றால் வருஷத்துக்கு ரூ. 72,000. மழை மாதத்தில் ரூ. 9,000 சம்பாதிக்கிறவரால் அதில் ஆறாயிரம் தர முடியாது. அதற்காக விட்டுவிடவும் கூடாது. வேலை உள்ள எட்டு மாதமும் ரூ. 7,000 வீதம் கொடுத்தால் ரூ. 56,000. வேலை குறைந்த நாலு மாதமும் ரூ. 4,000 வீதம் கொடுத்தால் ரூ. 16,000. கூட்டினால் அதே ரூ. 72,000. நல்ல மாதங்களில் கூடுதலாக வரும் ஆயிரத்தை அந்த அம்மாள் தபால் ஆபீசில் போட்டு வைத்தால் மழை மாதத்தில் கை கொடுக்கும்.

பணத்தைப் பாங்குக் கணக்கில் போடுங்கள். செல்போன் வழியாக அனுப்பினாலும் சரி. கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் அத்தாட்சி இருக்கும். கையில் கொடுத்தால் நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நெல் மூட்டையாகக் கொடுப்பதென்றால், மூட்டைக்கு என்ன விலை என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், கணக்கைத் திருப்பிப் பாருங்கள். பிள்ளை வளர வளரச் செலவும் வளரும்.

"மொத்தமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டோம்"

ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படி முடிப்பது வழக்கமாக இருக்கிறது. ஒரு ஐம்பதாயிரம் ரூபாயை எண்ணி வைத்து, "இனி எனக்கும் என் பிள்ளைகளுக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று பத்திரத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

மேலே போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள். மாதம் ரூ. 6,000 வீதம் அந்தப் பணம் எட்டு மாதம்தான் வரும். ஒன்பதாம் மாதம் தீர்ந்துபோகும். மகனுக்கு அப்போது இரண்டரை வயதுகூட நிறைந்திருக்காது. அவனுக்குப் பதினெட்டு வயது ஆக இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்தப் பதினைந்து வருஷத்துக்கு யார் பொறுப்பு? அநேகமாக அக்காள்தான். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாள். பிறகு "வீட்டில் ஒரு வாய் குறையட்டும்" என்று பதினெட்டு நிறையும் முன்னே கல்யாணம் பேசுவார்கள். பெரியவர்களே! தீர்ந்துவிட்டது என்று நீங்கள் எழுந்து போன கணக்கை அந்தப் பெண் குழந்தை தன் படிப்பைக் கொடுத்துத் தீர்க்கிறது.

சட்டமும் இதை ஏற்பதில்லை. தனக்கு வேண்டாம் என்று ஒரு தாய் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் பிள்ளைக்காக மனுச் செய்யலாம்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: புள்ளையக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறா. நான் ஏன் பணம் தரணும்?
பதில்: பிள்ளையைப் பார்ப்பது ஒரு கணக்கு; பணம் ஒரு கணக்கு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றை நிறுத்தக் கூடாது. பார்க்க விடவில்லை என்றால் அதற்குக் கோர்ட்டில் தனியே கேட்கலாம். அம்மாக்களுக்கும் இதே சொல்: பணம் தாமதமானதற்காகப் பிள்ளையை ஒளிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வேலையே இல்லையே?
பதில்: உடம்பில் வலு உள்ளவர் உழைத்துக் காப்பாற்றத்தான் வேண்டும் என்பதே கோர்ட்டுகள் எடுத்துவரும் நிலை. உண்மையிலேயே நோய், விபத்து என்றால் அத்தாட்சி காட்டித் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு.

கேள்வி: அவரு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. இனி கேட்க முடியுமா?
பதில்: முடியும். அவர் எத்தனை குடும்பம் வைத்தாலும் பெற்ற பிள்ளைக்குப் பொறுப்பு போகாது. அம்மா மறுமணம் செய்துகொண்டாலும் தகப்பனின் கடமை அப்படியே இருக்கும்.

கேள்வி: எங்க கல்யாணம் பதிவு பண்ணலை. சில பேரு கல்யாணமே செல்லாதுங்கிறாங்க.
பதில்: கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பது பிள்ளையைப் பாதிக்காது. முறைப்படி மணந்து பெற்றாலும் மணக்காமல் பெற்றாலும் பிள்ளைக்கு ஜீவனாம்ச உரிமை உண்டு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருக்கும் இந்தச் சட்டம் பொது.

கேள்வி: புள்ளைங்க அப்பாகிட்ட இருந்தா?
பதில்: அப்போது சம்பாதிக்கும் அம்மாவும் தன் சக்திக்குத் தக்கபடி பங்கு கொடுக்க வேண்டும். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளையைக் காப்பது தாய், தகப்பன் இருவர் கடமை என்றே இருக்கிறது.

கேள்வி: எத்தனை வயசு வரைக்கும்?
பதில்: பதினெட்டு வயது முடியும் வரை. உடலாலோ மனத்தாலோ குறைபாடு உள்ளவராகித் தானே பிழைக்க முடியாதவர் என்றால் அதற்குப் பிறகும் உண்டு. தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத, மணமாகாத மகளுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டுக்குப் பிறகும் உரிமை உண்டு.

பேசித் தீரவில்லை என்றால்

முன்பு 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு நடைமுறையில் இருக்கிறது. குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கேயும், இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் மனுக் கொடுக்கலாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊருக்கான கோர்ட்டிலேயே கொடுக்கலாம். புருஷன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் மாதம் ரூ. 500-க்கு மேல் கோர்ட் உத்தரவு போட முடியாது. 2001-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. இப்போது தேவைக்கும் சக்திக்கும் தக்கபடி கேட்கலாம். வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். எதிர்த் தரப்புக்கு நோட்டீசு சேர்ந்த 60 நாளுக்குள் கூடிய வரையில் அதை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இருவரும் தங்கள் வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்றும், மனுக் கொடுத்த தேதியிலிருந்தே தொகை கணக்கிட வேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே தாமதிக்காமல் மனுக் கொடுங்கள்.

உத்தரவுக்குப் பிறகும் பணம் வரவில்லை என்றால், பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் மறுபடி மனுச் செய்ய வேண்டும். சரியான காரணம் இல்லாமல் கட்டாதவருக்கு ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டத் தலைநகரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகாவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் கோர்ட் வளாகத்தில் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அடி, மிரட்டல் இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் பிள்ளைகளுக்குப் பண உதவி கேட்கலாம்.

போகும்போது கையில் எடுத்துப் போங்கள்: பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, எதிர்த் தரப்பின் வேலை, நிலம், வண்டி பற்றித் தெரிந்த விவரம், நீங்கள் எழுதிய செலவு நோட்டு.

கடைசியாக ஒரு வார்த்தை

பணம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வாய். "உங்கப்பன் அஞ்சு காசு குடுக்கலை" என்று மகளிடம் சொல்லாதீர்கள். "உங்கம்மா பணம் பணம்னு பறக்கிறா" என்று மகனிடம் சொல்லாதீர்கள். பணம் கேட்டுப் பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். கூலி வாங்கும் சனிக்கிழமை, டீக்கடைக்குத் திரும்பும் முன்னே பிள்ளையின் பங்கை அனுப்பிவிடுங்கள். அடுத்த புதன்கிழமை எடை பார்க்கும்போது தராசு முள் அதைச் சொல்லும்.

நினைவில் கொள்ளுங்கள்:
தேவையை எழுது; சக்திக்குத் தக்கபடி பங்கு பிரி; நாள் தவறாமல் கொடு.
பிரிந்தவர் இருவர், பெற்றவரும் அந்த இருவரே!